டப்பா காலியா?

அம்மா, அப்பா இருவரும் வேலைக்குப் போகும் சென்னை வீடுகளில் ஒரு குழந்தையின் நாள் பெரும்பாலும் இப்படித்தான் போகிறது: காலையில் அம்மா அவசரமாக ஊட்டும் இட்லி, பதினோரு மணிக்கும் மதியத்துக்கும் மாலை நான்கு மணிக்கும் டே கேர் ஆயாவின் கையால் உணவு, ஆறு மணிக்குப் பாட்டி தரும் பாலும் ஏதோ ஒரு நொறுக்குத் தீனியும், ஒன்பது மணிக்கு மறுபடியும் அம்மாவோ அப்பாவோ ஊட்டும் சாதம். ஊட்டுகிற கைகள் மூன்று. மூன்றும் அக்கறையுள்ள கைகள்தாம். ஆனால் குழந்தை அன்று முழுவதும் எவ்வளவு உண்டது, எவ்வளவு ஓடியது, எத்தனை மணி நேரம் தூங்கியது என்ற மொத்தக் கணக்கு அந்த மூவரில் ஒருவரிடமும் இருப்பதில்லை. குழந்தைகளின் உடல் பருமனைப் பற்றிப் பேசுகிறவர்கள் பிஸ்கட்டையும் செல்போனையும் திட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கோ யாரிடமும் இல்லாத இந்தக் கணக்குதான் சிக்கலின் வேராகத் தோன்றுகிறது. என் மகள் ஒரு வயது நிறைவதற்கு முன்பே வேளச்சேரியில் ஒரு டே கேருக்குப் போகத் தொடங்கியவள். இப்போது நான்கு வயதைத் தாண்டிவிட்டாள். அங்கே பார்த்ததையும் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

டே கேரில் விட்டால் பிள்ளை இளைத்துப்போகும் என்பது பாட்டிமார்களின் அச்சம். குண்டாகிவிடும் என்பது செய்தித்தாள் படிப்பவர்களின் அச்சம். மேலை நாடுகளில் இதை ஆராய்ந்தவர்களின் முடிவுகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2012-ல் வெளியான ஓர் ஆய்வு, டே கேர் போன்ற பகல்நேரக் காப்பகங்களில் வளர்ந்த பிள்ளைகள் பின்னாளில் கூடுதல் எடை பெறும் வாய்ப்பு, பெற்றோரிடமே வளர்ந்தவர்களைவிட அதிகம் என்றது. 2000-ஆம் ஆண்டையொட்டிப் பிரிட்டனில் பிறந்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்விலோ, தாத்தா பாட்டி போன்ற உறவினரிடம் வளர்ந்த குழந்தைகளிடம்தான், அதுவும் வசதியான வீட்டுக் குழந்தைகளிடம்தான், மூன்று வயதில் கூடுதல் எடை காணப்பட்டது. டென்மார்க்கில் ஏழு வயதுப் பிள்ளைகளை ஒப்பிட்டபோது சொல்லும்படியான வேறுபாடு தெரியவில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஏழைக் குழந்தைகளுக்கான அரசு முன்பள்ளித் திட்டத்தைப் பற்றி 2015-ல் வெளியான ஆய்வு, அதில் சேரும்போது பருமனாக இருந்தவர்களின் எடை சீரானதையும், மெலிந்திருந்தவர்கள் தேறியதையும் ஒருசேரப் பதிவு செய்தது. இவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், காப்பகமா வீடா என்ற கேள்வியே பொருளிழந்துவிடுகிறது. அந்த இடத்தில் பகல் பொழுது எப்படிக் கழிகிறது என்பதுதான் எஞ்சி நிற்கிறது.

இந்த வயதில் ஏன் இவ்வளவு கவனம் என்று கேட்கலாம். குழந்தையின் உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. என்ற குறியீடு முதல் ஆண்டில் ஏறி, அதன்பின் மெல்ல இறங்கி, ஏறக்குறைய ஐந்து, ஆறு வயதில் மிகக் குறைந்த நிலையைத் தொட்டுவிட்டு மறுபடி ஏறத் தொடங்கும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் கை கால் நீண்டு, விலா தெரிய, ஒடிசலாகத் தோன்றுவது இதனால்தான். அது நோயும் இல்லை, பட்டினியும் இல்லை. இந்த இரண்டாவது ஏற்றம் உரிய வயதுக்கு முன்பே தொடங்கிவிடும் பிள்ளைகள் பின்னாளில் பருமனாகும் வாய்ப்பு அதிகம் என்பதை 1984-லேயே பிரெஞ்சு ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். நம் வீடுகளில் நடப்பது என்ன? பி.எம்.ஐ. ஏறாமல் இருக்கவேண்டிய அந்த வயதில்தான் "பிள்ளை துரும்பாக இளைத்துவிட்டது" என்று சொல்லி, நெய்யும் சத்து பானமும் ஊட்டும் வேகமும் கூடுகின்றன.

சென்னையைப் பொறுத்தவரை பணத்துக்கும் எடைக்கும் உள்ள தொடர்பு வெளிப்படையானது. இந்நகரத்தில் 51 பள்ளிகளில் 6 முதல் 17 வயது வரையுள்ள 18,955 பிள்ளைகளை அளந்து பார்த்த ஆய்வில், தனியார் பள்ளிப் பிள்ளைகளில் 21.4 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ பருமனோ உள்ளவர்களாக இருந்தார்கள். அரசுப் பள்ளிகளில் அது 3.6 விழுக்காடு. ஐந்து வயதுக்குட்பட்டோரிடம் நாடு தழுவிய அளவில் இந்த எண்ணிக்கை இன்னும் குறைவுதான் என்றாலும், 2015-16-ல் 2.1 விழுக்காடாக இருந்தது 2019-21-ல் 3.4 ஆகியிருக்கிறது. ஆறு வயதில் பள்ளியில் அளக்கப்படும் எடை அன்றைக்கு வந்ததல்ல. அதற்கு முந்தைய ஆண்டுகளில், மாதக் கட்டணம் கட்டி நாம் அனுப்பிய இடங்களிலும் நம் வீட்டுக் கூடத்திலும் சேர்ந்ததுதான்.

தொடக்கம் ஆறாம் மாதத்தில். 2017-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் கொண்டுவந்த விதி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார மகப்பேறு விடுப்பு தருகிறது. ஐம்பதும் அதற்கு மேலும் ஊழியர் உள்ள நிறுவனங்கள் காப்பக வசதி செய்து தரவேண்டும், தாய் நாளைக்கு நான்கு முறை அங்கே போய்வர அனுமதிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பேறுகாலத்துக்கு முன்பே சில வாரங்களை எடுத்துவிடுகிறவர்களுக்குக் குழந்தை ஐந்து மாதமாக இருக்கும்போதே விடுப்பு தீர்ந்துவிடும். தாய்ப்பாலோடு திட உணவையும் தொடங்கச் சொல்லும் வயது ஆறு மாதம். ஆக, விடுப்பு முடியும் நாளும் முதல் கவளம் ஊட்டும் நாளும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வந்து விழுகின்றன. முதன்முதலாக மசித்த பருப்பு சாதத்தை நாக்கில் வைப்பவர், குழந்தை முகத்தைத் திருப்பினால் அதைப் போதும் என்று எடுத்துக்கொள்வதா, அடம் என்று எடுத்துக்கொள்வதா என்று முடிவு செய்பவர், பல வீடுகளில் தாய் அல்லர். அம்முடிவின் முக்கியத்துவத்தை அந்த ஆயாவுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுப்பதும் இல்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் டே கேருக்குள் நிற்க அனுமதி கிடைப்பது அரிது. மகளுக்கு இடம் தேடி அலைந்தபோது, ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு காப்பகத்தில் அது வாய்த்தது. சுவரோரமாக ஐந்து குழந்தைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எதிரே டிவியில் ஆங்கிலப் பாட்டு. ஆயா முட்டி போட்டு அமர்ந்து, அவரவர் டப்பாவிலிருந்து ஒரு கரண்டி இவனுக்கு, ஒரு கரண்டி அவளுக்கு என்று சுற்றி வந்துகொண்டிருந்தார். வாய் திறக்கும், கரண்டி போகும், கண் திரையைவிட்டு அகலாது. ஒரு சிறுவன் வாயில் சாதத்தை ஒதுக்கிக்கொண்டு விழுங்காமலே இருந்தான். ஆயா அவன் கன்னத்தை லேசாக அழுத்தி, சிறிது தண்ணீர் புகட்டி, அடுத்த கரண்டியை நீட்டினார். பன்னிரண்டரைக்குத் தொடங்கி ஒரு மணிக்குள் எல்லா டப்பாவும் காலி.

"இவ்வளவு வேகமா ஊட்டணுமாம்மா?" என்று கேட்டேன்.

"மிச்சம் இருந்தா சாயங்காலம் அவங்கம்மா என்னைத்தான் கேப்பாங்க. டப்பாவைத் திறந்து பாத்துட்டுத்தான் பிள்ளையவே தூக்குவாங்க" என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

அவர் சொன்னதில் பிழையே இல்லை. டே கேர் வாசலில் நாம் கேட்கும் முதல் கேள்வி "சாப்பிட்டாளா?" என்பது, இரண்டாவது, "முழுக்கச் சாப்பிட்டாளா?" என்பது. அளந்து பார்க்கக்கூடிய ஒரே சான்று டப்பாதான் என்பதால், அக்கறையின் அளவுகோலாக அதுவே ஆகிவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் மதியம் ஒன்றேகாலுக்குக் காலி டப்பாவின் படம் வந்தால்தான் பல தாய்மார்களுக்கு அலுவலகத்தில் தம் சோறு இறங்குகிறது. அந்த டப்பாவை எவ்வளவு நிரப்பினோம் என்பதைத்தான் யாரும் யோசிப்பதில்லை.

2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறிய பரிசோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது. முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரே உணவைச் சிறிய அளவிலும் பெரிய அளவிலும் வெவ்வேறு நாட்களில் பரிமாறிப் பார்த்தார்கள். மூன்று வயதுக் குழந்தைகள் தட்டில் எவ்வளவு வைத்தாலும் ஏறக்குறைய அதே அளவுதான் உண்டார்கள். ஐந்து வயதுக்காரர்களோ தட்டில் அதிகம் இருந்தால் அதிகம் உண்டார்கள். வயிறு சொல்வதைக் கேட்கும் திறன் மூன்று வயதில் பெரும்பாலும் இருக்கிறது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் அது மங்கத் தொடங்குகிறது. "இன்னும் ஒரு வாய், அப்பாவுக்கு ஒரு வாய், காக்காவுக்கு ஒரு வாய்" என்பது அன்பின் மொழிதான், மறுக்கவில்லை. ஆனால் போதும் என்ற உணர்வு வந்த பிறகும் உண்பதற்கான பயிற்சியும் அதுவே. எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் வகுத்த ஒரு பங்கீடு உண்டு: எதை, எப்போது, எங்கே தருவது என்பது பெரியவர்களின் பொறுப்பு, உண்பதா வேண்டாமா, எவ்வளவு என்பது குழந்தையின் உரிமை. சொல்வதற்கு எளிது, மாமியார் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது செய்வதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும்.

இதில் கீரைக்கும் காய்க்கும் தனியாக ஒரு சொல். ஒரு புதிய சுவையைக் குழந்தை ஏற்றுக்கொள்ள எட்டு, பத்து முறை, சில வேளை பதினைந்து முறைகூட அதை வற்புறுத்தலின்றிச் சுவைக்கத் தரவேண்டியிருக்கும் என்பது பல ஆய்வுகளில் உறுதிப்பட்ட செய்தி. காலி டப்பா வேண்டுமென்றால் இதற்கு இடமே இல்லை; மிஞ்சும் என்று தெரிந்தே பீன்ஸ் பொரியலை வைக்க எந்தத் தாய் துணிவார்? அதனால்தான் நம் டப்பாக்களில் தயிர்சாதமும் உருளைக்கிழங்கும் நெய்ப்பருப்பும் மாறி மாறி வருகின்றன. எல்லோரும் ஒரே உணவை உண்ணும் காப்பகங்களில் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து அவரைக்காயைத் தின்னும் குழந்தைகளை நானே கண்டிருக்கிறேன். வீட்டில் அதே காயைத் துப்புவார்கள்.

அடுத்தது மாலை நேரம். நான்கு மணிக்கு டே கேரில் பாலும் பிஸ்கட்டும் தருகிறார்கள். பிஸ்கட் என்பது மைதா, சர்க்கரை, பாமாயில். ஐந்தரைக்கு வந்து அழைத்துப்போகும் பாட்டிக்கு நான்கு மணிச் செய்தி தெரியாது. தெரிந்தாலும் அதைக் கணக்கில் சேர்க்க மாட்டார். "அங்க என்னத்த குடுத்திருக்கப் போறாங்க? பிள்ளை முகமே வாடிக் கிடக்கு" என்று மகளின் பாட்டியான என் அத்தை சொல்லாத மாலை இல்லை. உடனே ஒரு டம்ளர் பாலில் இரண்டு கரண்டி பவுடர், மேலே ஒரு கரண்டி சர்க்கரை. டப்பாவின் பின்புறம் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்தால், இத்தகைய மால்ட் பவுடர்கள் சிலவற்றில் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சர்க்கரை இருப்பது தெரியும். இப்பானங்களை "ஆரோக்கிய பானம்" என்ற தலைப்பின் கீழ் விற்கக் கூடாது என்று இணையவழிக் கடைகளுக்கு ஒன்றிய அரசு 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியது. விற்பனைத் தளத்தில் தலைப்பு மாறியது. அடுக்களை அலமாரியில் டப்பா அதே இடத்தில்தான் இருக்கிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சர்க்கரை சேர்க்கவே வேண்டாம் என்கிறது ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல். இப்படி மாலைத் தீனி இரண்டு முறை நடந்துவிடுவதால் எட்டு மணிக்குப் பசி இருக்காது. பசியில்லாத குழந்தைக்கு ஒன்பது மணிக்குப் போனைக் காட்டிச் சாதம் ஊட்டுகிறோம். அத்தைமீது எனக்குக் குறையில்லை. அவருக்குத் தெரியவேண்டிய செய்தி அவருக்கு வந்து சேரவில்லை என்பதே என் வாதம்.

உணவைப் பற்றியே இவ்வளவு பேசுகிறோம், ஓட்டத்தைப் பற்றிப் பேசுவதில்லை. மூன்று, நான்கு வயதுக் குழந்தை நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடம் உடலை அசைத்து விளையாட வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சிரைக்க ஓடியாட வேண்டும், 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும், திரை ஒரு மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும், ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் வரையறுத்தது. சென்னையின் டே கேர்கள் பெரும்பாலும் தனி வீடுகளிலோ அடுக்ககத்தின் முதல் தளத்திலோ நடக்கின்றன. ஓடுவதற்கான இடம் என்பது கீழே கார்கள் அலுவலகம் போன பிறகு காலியாகக் கிடக்கும் பார்க்கிங் தரைதான். ஏப்ரல், மே மாதங்களில் பதினோரு மணிக்கு மேல் அங்கேயும் நிற்க முடியாது. மாலை ஆனால் கொசு. இவையெல்லாம் உண்மையான தடைகள், சாக்குகள் அல்ல. ஆனால் நல்ல காப்பகம் காலை ஒன்பதரைக்கே பிள்ளைகளைக் கீழே இறக்கிவிடும். மழை நாளில் கூடத்தில் பாயை விரித்துத் தவளைப் பாய்ச்சல் விளையாட வைக்கும். கெட்ட காப்பகத்தில் "விழுந்து அடிபட்டா பேரன்ட்ஸ் சண்டைக்கு வருவாங்க" என்று நாற்காலியில் உட்காரவைத்து வண்ணம் தீட்டச் சொல்வார்கள். நாம் முழங்கால் சிராய்ப்புக்கு வாசலில் போடும் சத்தம் அவர்களை அப்படி ஆக்கியிருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தூக்கமும் இப்படித்தான். சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி முதல் நான்கு மணி வரை எல்லாக் குழந்தைகளையும் படுக்கவைத்துவிடுவது ஆயாக்களுக்கு ஓய்வு. அவர்களுக்கும் அது வேண்டியதே. ஆனால் நான்கு வயதுப் பிள்ளை பகலில் மூன்று மணி நேரம் தூங்கினால் இரவு பதினொன்றுக்கு முன் கண் மூடாது. காலை ஆறரைக்கு எழுப்பியாக வேண்டும். இரவுத் தூக்கம் குறைந்த குழந்தைகளிடம் எடை கூடுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெற்றோர் பார்ப்பது இரவு பத்தரை மணிக்குத் துள்ளும் குழந்தையை மட்டுமே. அதன் காரணம் மதியம் பாயில் இருந்ததை அவர்கள் அறிவதில்லை.

வசதியுள்ளவர்கள் ஏறெடுத்தும் பாராத ஓர் இடத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் தெருக்கோடியில் மாநகராட்சிக் கட்டடத்தில் ஓர் அங்கன்வாடி உண்டு. வயதானவர்கள் இன்னும் பால்வாடி என்றே சொல்வார்கள். அங்கே குழந்தைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து, தம் கையாலேயே, எல்லோருக்கும் ஒன்றாக வந்த சாதத்தையும் முட்டையையும் உண்கிறார்கள். டிவி இல்லை. மாதந்தோறும் எடையும் உயரமும் பதிவாகின்றன. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975-ல் நாட்டில் தொடங்கியது, 1980-ல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாட்டில் வந்த ஊட்டச்சத்துத் திட்டம், குழந்தைகளை மாதாமாதம் எடை பார்ப்பதையே தன் முதுகெலும்பாகக் கொண்டிருந்தது, 1982-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் வந்தது. எல்லாம் பசியை எதிர்த்து எழுந்தவை. பசி இன்னும் தீர்ந்தபாடில்லை என்பதையும் மறக்கலாகாது. 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் நான்கில் ஒருவருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. ஆனால் எடையைத் தொடர்ந்து குறித்து, கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கும் அந்தப் பழக்கம், மெலிவுக்கு எவ்வளவு பயன்படுமோ பருமனுக்கும் அவ்வளவு பயன்படும். மாதம் பல ஆயிரம் கட்டணம் வாங்கும் டே கேர்களில் நான் பார்த்தவரை ஓர் எடை மெஷின்கூட இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. பருமன் என்றவுடன் பிள்ளையின் சோற்றைக் குறைக்கும் அவசரம் சிலருக்கு வருகிறது, அது கூடாது. இந்தியக் குழந்தைகளின் உடல் பற்றிப் புனேயில் மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் செய்த ஆய்வு நினைவில் இருக்கட்டும். அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ, அப்படியிருந்தும் நம் குழந்தைகளின் உடலில் தசைதான் குறைவாக இருந்ததே தவிரக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்வைக்கு மெலிந்த பிள்ளைக்கும் முட்டையும் சுண்டலும் ஓட்டமும் வேண்டும் என்பதற்கும், எடையை ஏற்றுவதற்காகச் சர்க்கரையும் நெய்யும் திணிப்பது பலன் தராது என்பதற்கும் இதுவே காரணம். குழந்தையின் எடை கூடுதலா குறைவா என்று கண்ணால் முடிவுகட்டாமல், வளர்ச்சி வரைபடத்தில் மருத்துவரைக் கொண்டு குறித்துப் பார்ப்பதே முறை.

எங்கள் டே கேரில் சென்ற ஆண்டு நாங்கள் சில பெற்றோர் சேர்ந்து உரிமையாளரிடம் பேசினோம். ஒரு சாதாரண நாற்பது பக்க நோட்டு. அதில் ஒவ்வொரு நாளும் மூன்றே வரி. நான்கு மணிக்கு என்ன தந்தார்கள், எப்போது முதல் எப்போது வரை தூங்கினாள், வெளியே எவ்வளவு நேரம் விளையாடினாள். மதியம் எவ்வளவு சாப்பிட்டாள் என்ற வரியை வேண்டுமென்றே விட்டுவிட்டோம். நோட்டைப் பாட்டிமார்களே முதலில் படிக்கிறார்கள் என்பது நாங்கள் எதிர்பாராதது. "நாலு மணிக்கே சுண்டல் தின்னிருக்கா, இப்ப பால் மட்டும் போதும்" என்று அத்தை தாமாகவே சொல்லத் தொடங்கினார். பவுடர் இன்னும் போகவில்லை, சர்க்கரை போய்விட்டது. பிஸ்கட்டுக்குப் பதில் வாரத்தில் மூன்று நாள் சுண்டலோ வாழைப்பழமோ தர உரிமையாளர் ஒப்புக்கொண்டார்; வேகவைக்க ஆள் கூலி ஆகும் என்று கட்டணத்தில் சிறிது ஏற்றியதை நாங்களும் ஒப்புக்கொண்டோம். நான்கு வயதுக்காரர்களின் மதியத் தூக்கம் இரண்டரையோடு முடிகிறது. சாப்பாட்டு நேர டிவியை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை; இருபது பிள்ளைக்கு இரண்டு ஆயா என்னும்போது வேறு வழியில்லை என்கிறார். மூன்றாவது ஆயாவுக்கான சம்பளத்தை யார் தருவது என்ற பேச்சு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது. பிறந்தநாள் கேக்கைப் பற்றி இன்னும் வாயே திறக்கவில்லை. மாதத்துக்கு இரண்டு மூன்று வருகிறது.